அறுநூறு ரூபாய், நாற்பத்தஞ்சு நிமிஷம்: குமுளி மாடியில் ஒரு கவுன்சிலிங் அறை

இதுக்கு முன்னாடி டயர் கடைக்கும் ரெண்டு பரோட்டா கடைக்கும் ரிவ்யூ எழுதியிருக்கேன். மனசு பார்க்குற இடத்துக்கு எழுதுறது இதுதான் முதல் தடவை. அந்த அறையோட பேரைப் போடலை. குறையும் சொல்லப் போறேன், அங்க உட்கார்ந்திருக்கிறது ஒத்தை ஆள், குமுளி கேரளா எல்லையில சின்ன ஊரு. வேணுங்கிறவங்க கம்பம் ஜீப் ஸ்டாண்டுல என்னைப் பார்த்துக் கேட்டா வழி சொல்றேன்.

நான் கம்பத்துக்காரன். பதினாலு வருஷமா ஜீப் ஓட்டுறேன். விடியக்காலம் ஏலக்கா எடுக்கப் போற பொம்பளைகளை ஏத்திக்கிட்டு குமுளி தாண்டி சக்குபள்ளம், ஆனக்கரைப் பக்கம் தோட்டத்துல இறக்கி விட்டு, சாயங்காலம் திருப்பி ஏத்திக்கிட்டு இறங்கணும். லோயர்கேம்ப்ல இருந்து குமுளிக்கு மலைப்பாதை 6 கிலோமீட்டர்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறிருவேன்னு பெருமை பேசினவன்தான்.

போன வருஷம் ஆடி மாசம், இரைச்சல் பாலத்துக்கிட்ட வந்துச்சு. அணைத் தண்ணி பாய்ஞ்சு ஓடுற இடம் அது. மழை நாள்ல அந்தச் சத்தம் காதை அடைக்கும். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, ரெண்டு கையும் மரத்துப் போகுது, மூச்சு உள்ள போகுது, நிறையவே மாட்டேங்குது. செத்தோம்னுதான் நினைச்சேன். எப்படியோ ஓரங்கட்டிட்டேன். பின்னாடி பதினோரு பேர். "தம்பிக்கு மூஞ்சி வெளிறிப் போச்சுடி, தண்ணியக் குடு"ன்னு ஒரு அக்கா தூக்குவாளித் தண்ணியை என் தலையிலயே ஊத்திருச்சு.

கம்பத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க. தேனியில எக்கோ எடுத்தாங்க. "ஹார்ட் சுத்தமா இருக்கு, கேஸ் டிரபிள்"னு ஒரு சிரப்பு. அடுத்த வாரம் அதே பாலத்துல மறுபடியும். நாலாவது தடவை வந்தப்ப சாவியை ஆக்டிங் டிரைவர் கையில கொடுத்துட்டு வீட்டுல உட்கார்ந்துட்டேன். அவனுக்குக் கூலி கொடுத்து, டீசல் போட்டு, டியூ கட்டி, ராத்திரி முழுக்க நாடியைப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டே கிடப்பேன்.

எங்க பக்கம் இப்படி ஒண்ணுன்னா அடுத்த வாசல் கோடாங்கி வாசல்தான். அம்மா கேட்கவே இல்லை, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கூடலூர்ப் பக்கம் கூட்டிட்டுப் போயிருச்சு. கோடாங்கியைக் கேலி பண்ண நான் இதை எழுதலை. அந்தப் பெரியவர் என்னை ஒன்றரை மணி நேரம் உட்கார வச்சுக் கேட்டார். எந்த வளைவு, எத்தனை மணி, அன்னைக்கு என்ன சாப்பிட்ட, வீட்டுல யாரு அகால மரணம். ஈசிஜி எடுத்த இடத்துல என்னோட ஒருத்தரும் ரெண்டு நிமிஷம் பேசலை. உடுக்கையை எடுத்து அடிக்க ஆரம்பிச்சதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, நெஞ்சுக்குள்ள கட்டியிருந்தது ஏதோ இளகின மாதிரி.

அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். எங்கப்பா லோயர்கேம்ப் பஸ் ஸ்டாப்புல நெஞ்சு வலிச்சு விழுந்து செத்தவர், 42 வயசு. "இப்ப உனக்கு எத்தனை?" 41ன்னேன். உடுக்கை நின்னுருச்சு. "உங்கப்பன் உன்னையத் துணைக்குக் கூப்பிடுறான்டா."

சேவல், கழிப்பு, மந்திரிச்ச கருப்புக் கயிறு, வண்டியில கண்ணாடிக்கு முன்னாடி வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புது எலுமிச்சம்பழம். எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். மூணு வாரம் நல்லா இருந்தேன். இதை மறைச்சா இந்த ரிவ்யூ பொய்யாயிரும். நாலாவது வாரம் வந்துச்சு பாருங்க, முன்னை விட மோசமா வந்துச்சு. முன்னாடி வெறும் படபடப்பு. இப்ப ஒவ்வொரு படபடப்பும் எங்கப்பா குரல். கோடாங்கி மேல எனக்கு இருக்குற ஒரே கோபம் இதுதான். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுட்டு, கடைசியில ஒரு சாவை என் கையில கொடுத்து அனுப்பிட்டார்.

மாடி அறையைச் சொன்னது அன்னைக்குத் தலையில தண்ணி ஊத்துன அக்காதான். அது மகளுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் பிள்ளையைத் தொடவே பயமா இருந்திருக்கு. "குமுளியில ஒரு புள்ள இருக்கு தம்பி. மருந்து மாயம் கிடையாது, பேசியே சரி பண்ணுது." பேசுறதுக்குக் காசான்னு கேட்டேன். "உனக்கென்ன, சும்மா பேசுனா யாரு கேக்குறா?"ன்னுச்சு. பதில் இல்லை.

அறை ஒரு பேக்கரிக்கு மேல இருக்கு. மாடிப்படி இருட்டு, பப்ஸ் வாசனை. வாசல்ல ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடந்துச்சு. கழட்டச் சொல்லி யாரும் எழுதி வைக்கலை, கோயில் மாதிரி எல்லாரும் தானா கழட்டிட்டுப் போறாங்க. நானும் கழட்டினேன். உள்ள ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, மேஜை மேல ஒரு டிஷ்யூ டப்பா. படம், விளக்கு, விபூதித் தட்டு ஒண்ணும் இல்லை. இவ்வளவு மொட்டையா இருக்கேன்னு அவநம்பிக்கையாத்தான் இருந்துச்சு.

அந்தம்மாவுக்கு முப்பது, முப்பத்தி ரெண்டு வயசு இருக்கும். மலையாளி, ஆனா பீர்மேடு டீ எஸ்டேட் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளோட வளர்ந்தவங்க. "டாக்டர்"னேன். "டாக்டர் அல்ல, சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுத மாட்டேன், வேணும்னா அதுக்கு உள்ள டாக்டர்கிட்ட அனுப்புவேன்"னாங்க. ஈசிஜி, எக்கோ சீட்டை வாங்கிப் பார்த்தாங்க, தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அப்புறம் முதல் கேள்வி: "அந்த வளைவு வரும்போள் சேட்டனுக்குப் பேடி உண்டோ?"

எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. நம்ம ஊர்ல ஆம்பளையைப் பார்த்துப் பேடின்னு சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பதினாலு வருஷமா மலை ஏறி இறங்குறேன், பேடின்னா மலையாளத்துல பயம்னு எனக்குத் தெரியும்தான், இருந்தாலும் அந்த நிமிஷம் காதுல தமிழாத்தான் விழுந்துச்சு. என் மூஞ்சியைப் பார்த்துட்டு அவங்களே நாக்கைக் கடிச்சு, "பயம், பயம்"னு மாத்தினாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு "மனசுல விஷமம் உண்டோ?"ன்னாங்க. அவங்களுக்கு அது வருத்தம், நமக்கு அது குறும்பு. அதுக்கு ரெண்டு பேருமே சிரிச்சுட்டோம். அதுக்கப்புறம் ஒன்பது வாரமும் எங்களுக்குள்ள அதுக்குப் பேரு 'பேடி'தான். "இன்னைக்குப் பேடி எத்தனை?" பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் நம்பர் சொல்லணும். ட்ரிப் எழுதுற நோட்டுல ஒரு ஓரத்துல எழுதிக்கிட்டே வந்தேன்.

காசு எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சது ரெண்டாவது வாரம். "இங்க உட்கார்ந்தே அது வருதான்னு பார்ப்போமா?"ன்னாங்க. ஒரு நிமிஷம் வேக வேகமா, ஆழமா மூச்சு விடச் சொன்னாங்க, அவங்களும் கூடவே விட்டாங்க. முப்பது செகண்டுல உதடு மரத்துச்சு. நாற்பதுல விரல் நுனி ஜிவ்வுன்னு இழுக்குது. தலை கிறுகிறுன்னு வருது. இரைச்சல் பாலத்துல வந்தது எதுவோ, அதேதான், பேக்கரிக்கு மேல நாற்காலியில வந்து உட்கார்ந்திருக்கு. நான் மேஜையைப் பிடிச்சுக்கிட்டேன். நிறுத்தச் சொல்லிட்டு, "இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம், வெறுதே இருங்க"ன்னாங்க. தண்ணி கேட்டேன், தரலை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு மூணு நிமிஷத்துல அதுவா இறங்கிப் போயிருச்சு.

பேசாம உட்கார்ந்திருந்தேன். எந்தக் காத்தும் கருப்பும் ஒரு நிமிஷ மூச்சுக்குக் கட்டுப்பட்டு வருமா?

அதுக்கப்புறம்தான் விளக்கம். பயம் வந்தா உடம்பு ஓடுறதுக்குத் தயாராகுது, நெஞ்சு வேகமா அடிக்குது, மூச்சு கூடுது. ஓடாம உட்கார்ந்துகிட்டு மூச்சை மட்டும் வேகமா விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்ஸைடு குறையுது, அதனால கை மரக்குது, தலை சுத்துது. அதைப் பார்த்து 'அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு'ன்னு நினைக்கிறோம், பயம் இன்னும் கூடுது. இதுக்குப் பேரு பேனிக் அட்டாக். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போயிட்டு இறங்கிரும். இஞ்சின் ஓவர் ஹீட் ஆகலை, மீட்டர் முள்ளுதான் கோளாறுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். இந்த உதாரணம் என்னோடது. சொன்னதும் அந்தம்மா எழுதி வச்சுக்கிட்டாங்க.

மூணாவது வாரம் சண்டை. சேவல் விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் அந்தவிஸ்வாசம்"னு வாயில வந்துருச்சு அவங்களுக்கு. மூடநம்பிக்கைங்கிறதை மலையாளத்துல சொன்னா எனக்குப் புரியாதா? எங்கம்மா தோட்டுக்குப் பதிலா குச்சியைச் செருகிக்கிட்டு அந்தச் சேவலை வாங்கினது எனக்குத் தெரியும். அறுநூறை மேஜையில வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். திரும்பப் போறதா இல்லை. ஆனா மறுநாள் அவங்களே போன் பண்ணி, "நான் சொன்னது தெத்து, தப்பு. சேவல் அம்மாவோட பாசம். அதை நான் பார்க்கலை"ன்னாங்க. இத்தனை வருஷத்துல எனக்கு வைத்தியம் பார்த்தவங்கள்ல மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவங்கதான். போனேன்.

கயிறை அவிழ்க்கச் சொல்லவே இல்லை. எலுமிச்சம்பழத்தைத்தான் பிடிச்சாங்க. "பழம் இல்லாம ஏறியிருக்கீங்களா?" இல்லை. "பழம் இருந்தும் வந்திருக்கா?" வந்திருக்கு. "அப்ப ரெண்டையும் எழுதிப் பார்ப்போம்." முதல்ல ஆள் ஏத்தாம வெறும் வண்டி. பகல் பதினோரு மணி, ஆக்டிங் டிரைவர் பக்கத்துல. லோயர்கேம்ப்ல இஞ்சினை அணைச்சுட்டு உட்கார்றது ஒரு நாள். முதல் வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்புறது ஒரு நாள். அப்புறம் இரைச்சல் பாலத்துல நிறுத்தி, இறங்கி, கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னு, பேடி பாதிக்குப் பாதி குறையுற வரைக்கும் நகரக்கூடாது. குரங்கு வந்து வைப்பரைப் பிடுங்குது, நான் அசையாம நிக்கிறேன். ஒன்பதுல ஆரம்பிச்சுச்சு, இருபத்தஞ்சு நிமிஷத்துல நாலு. மறுநாள் ஏழு. அதுக்கடுத்த நாள் அஞ்சு.

அப்புறம் பழம் கண்ணாடிக்கு முன்னாடி இருக்க மூணு ட்ரிப், டூல்ஸ் பெட்டிக்குள்ள இருக்க மூணு ட்ரிப், வீட்டுலயே இருக்க மூணு ட்ரிப். நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. பழம் முன்னாடி இருந்தப்ப 5, 5, 4. டூல்ஸ் பெட்டியில 6, 4, 4. வீட்டுல விட்டுட்டு வந்தப்ப 7, 4, 3. அந்த ஏழு எழுதுன இடத்துல பேனா பேப்பரைக் கிழிச்சிருக்கு. எட்டாவது வாரம் பொம்பளைகளை ஏத்திக்கிட்டு, இருட்டோட ஏறினேன். பாலத்துக்கிட்ட வந்துச்சுதான். ஓரங்கட்டலை. பின்னாடி யாருக்கும் தெரியலை, ஏதோ சீரியல் கதைச் சண்டை ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அம்மாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அம்மா வர மாட்டேன்னுச்சு. பைத்திய ஆஸ்பத்திரின்னாலே அதுக்கு ஏர்வாடிதான். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்க ஒரு காப்பகத்துல கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிக் கிடந்த 28 பேர் கருகிச் செத்தாங்களே, அந்தப் பேப்பர் படம் அதுக்கு இன்னும் மறக்கலை. "எம்புள்ளையக் கட்டிப் போட்டா?" அந்தம்மா பொறுமையா உட்கார வச்சுச் சொன்னாங்க: 2017-ல வந்த மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில கட்டக் கூடாது, அது எந்த இடமா இருந்தாலும் சரி. கோயிலைக் குறை சொல்லலை. தமிழ்நாட்டுல ஒரு முத்துசாமி கோயில்ல தங்கியிருந்த 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டருங்க பார்த்து, அவங்க நோயோட கடுமை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சுன்னு 2002-ல எழுதியிருக்காங்களாம். பூஜை, மந்திரம்னு தனியா ஒண்ணும் செய்யலையாம். யாரும் விரட்டாத, வையாத ஒரு இடத்துல வீட்டு ஆளோட இருந்ததுதான் மருந்தா இருந்திருக்கலாம்னு அவங்க விளக்கம். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சோட்டானிக்கரைக் கோயிலுக்குப் போகணும்னு அது மூணு மாசமா நச்சரிச்சுக்கிட்டு இருந்துச்சு, "பார்த்தியா, டாக்டருங்களே சொல்லியிருக்காக"ன்னு என்னைப் பார்த்துச்சு.

அப்புறம் நேராக் கேட்டுச்சு: "அப்ப எம்புருசன் இவனைக் கூப்பிடலைங்கிறியா தாயி?"

ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. "அவர் உயிரோட இருந்தப்ப மகனை எப்படிக் கூப்பிடுவார்?"ன்னு கேட்டாங்க. அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. "ட்ரிப் முடிச்சு வந்து வாசல்ல நின்னு, 'ஏ சாமி, அப்பனுக்குத் தண்ணி கொண்டா'ம்பாரு." சொல்லிட்டு அழுதுச்சு. எங்கப்பா ஜீப் ஓட்டினவர்ங்கிறதை அதுவரைக்கும் நான் அந்தம்மாகிட்டச் சொல்லவே இல்லைன்னு அப்பத்தான் எனக்கே உறைச்சுச்சு. டிஷ்யூ டப்பா அன்னைக்குத்தான் உபயோகப்பட்டுச்சு. திதி கொடுத்து எத்தனை வருஷமாச்சுன்னு விசாரிச்சுட்டு, கொடுக்குறது நல்லதுதானேன்னாங்க. தை அமாவாசைக்குச் சுருளியில கொடுத்துட்டு வந்தோம்.

இனி குறை. அறைக்கு நடுவுல பிளைவுட் தடுப்பு, அந்தப் பக்கம் காத்திருக்குற நாற்காலிகள். உள்ள அழுதா வெளிய கேக்கும். ஒரு நாள் எனக்கு முன்னாடி போன பையன் பேசினது பாதி என் காதுல விழுந்துச்சு, எழுந்து கீழ பேக்கரிக்குப் போயிட்டேன். வாங்குற காசுக்கு இதைச் சரி பண்ணியே ஆகணும். கொடுக்குற ஃபாரம் மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும்தான் இருக்கு, வர்றவங்கள்ல பாதிக்கு மேல நம்ம ஆளுங்க. ஹர்த்தால்னு கடையடைப்பு வந்தா அப்பாயின்ட்மென்ட் போச்சு, முன்கூட்டிச் சொல்றதும் இல்லை. அறுநூறுங்கிறது காய் எடுக்குற பொம்பளைக்கு ஒரு நாள் கூலிக்குப் பக்கம், அதுல லீவு போட்ட நாளும் சேர்ந்தா ரெண்டு நாள் போச்சு. தண்ணி ஊத்துன அக்காவோட மகள் மூணாவது தடவையோட நிறுத்திருச்சு, காரணம் காசுதான். அப்புறம் "இது சயின்ஸ், இது சயின்ஸ்"னு அடிக்கடி சொல்றதை அந்தம்மா குறைச்சுக்கலாம். அதனால அஞ்சுக்கு நாலுதான்.

காசு இல்லாதவங்களுக்கு: தேனிப் பக்கம் க.விலக்கு அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. 14416-ன்னு அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நெஞ்சு வலின்னா முதல்ல ஈசிஜிதான், நானா பேனிக்குன்னு முடிவு கட்டிக்கிட்டு வீட்டுல உட்காராதீங்க. இன்னொண்ணு, கவுன்சிலிங்னு போர்டு யாரு வேணா மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டிருந்தா ஆர்.சி.ஐ.ங்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கணும், கூச்சப்படாமக் கேளுங்க. நான் கேட்டப்ப அந்தம்மா கோவிச்சுக்கலை, சுவத்துல மாட்டியிருந்த சர்டிபிகேட்டைக் காட்டினாங்க.

இந்தச் சித்திரையோட எனக்கு 42 ஆரம்பிச்சிருச்சு. இதுவரைக்கும் ரெண்டு தடவை லேசா வந்துட்டுப் போச்சு, ரெண்டுமே மூணுக்கு மேல இல்லை. கயிறு கையிலயேதான் இருக்கு, நிறம் போய் சாம்பலாயிருச்சு. வெள்ளிக்கிழமையானா அம்மா இன்னும் பழம் வைக்குது, நானும் தடுக்கிறதில்லை. மத்தியானம் குமுளி ஸ்டாண்டுல வெயில் ஏறுனதும் உப்புப் போட்டுப் பிழிஞ்சு குடிச்சிடுறேன். அம்மாவுக்குத் தெரியாது.